அபராதப் புத்தகம்

பத்து வியாழக்கிழமைகளுக்குத்தான் பணம்.
பிஸ்கட்டும் அதற்குள்ளேயே.
லங்காஷயரில், ஆற்றோரத்து நெசவாலையின் பழைய கணக்கறை.
ரேடியேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
நான்கு பிள்ளைகள், ஒரு புத்தகம்.
‘உள்ளூர்ப் பாரம்பரியமும் இளைய எழுத்தும்’ என்று
விண்ணப்பத்தில் நான்தான் எழுதியிருந்தேன்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
அப்போது யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

கவிதைப் புத்தகம் அல்ல அது.
மேஸ்திரி எழுதிவைத்த அபராதப் பதிவேடு.
மூலைகளை ஈரம் தின்றிருந்தது,
மசி மட்டும் திமிராக நின்றது.
தாமதம், இரண்டு பென்னி.
தலைவாரியது, மூன்று பென்னி.
ஜன்னல் திறந்தது, ஒரு ஷில்லிங்.
காற்றுக்கு இவ்வளவு விலையா என்றான் ஜுனைத்.
ஆளுக்கு ஒரு வரி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்,
கைமாற்று வாங்குகிற மாதிரி.
எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

ஜுனைத்துக்கு ஜன்னல்.
ஃப்ரேயா ஐந்தாம் வாரம் நின்றுவிட்டாள். கால்பந்து.
காஸ்பெர் வெகுநாள் எதையும் தொடவில்லை;
பிறகு மேஸ்திரியின் கையெழுத்தை எடுத்தான்.
சனிக்கிழமைகளில் அது சாய்கிறதாம்,
அந்த ஆளுக்கும் முதுகு வலித்திருக்குமாம்.
தண்டம் வசூலித்தவனுக்கு முதுகு ஒரு கேடா?
அடித்தேன் அந்த வரியை.
மறுவாரம் அதே வரி அதே இடத்தில்,
பின்பக்கம் தடிக்கும்படி அழுத்தி எழுதப்பட்டிருந்தது.
விட்டுவிட்டேன்.
இன்று தொகுப்பைப் புரட்டுகிறவர்கள்
நிற்பது அங்கேதான்.

கீலி எடுத்தது ஹெஸ்டர் கிளெக்கை.
பேசியது, மூன்று பென்னி.
பேசியது, மூன்று பென்னி.
அதே வாரம் இன்னொரு முறை, பேசியது.
“முந்நூறு தறி ஓடுற இடத்துல
இவ பேசினது அவனுக்கு எப்படிக் கேட்டுச்சு?”
கேட்டிருக்காது. பார்த்திருப்பான்.
அந்த இரைச்சலுக்கு அடியில் பெண்கள்
உதட்டால் பேசிக்கொண்டார்கள்,
வாயைப் பெரிது பெரிதாகத் திறந்து,
தறிக்கு மேலே, நூல் அறுந்துவிடாமல்:
வாடகை, நாள் தள்ளிப்போனது, மேஸ்திரியின் மூக்கு.
கீலி பேனாவை மூடினாள்.
அதற்குப் பின் எனக்கு எதையும் காட்டவில்லை.
கண்ணாடி இருக்கும் கழிவறைக்குள் போய்
நெடுநேரம் கழித்துத் திரும்புவாள்.

வாசிப்பு மாலையன்று மழை.
மடக்கு நாற்காலிகளில் ஈரக் கோட்டுகள்.
ஜுனைத் மூச்சுவிடாமல் படித்து முடித்து
நாற்காலிக்கு ஓடினான்.
காஸ்பெரின் குரல் நடுவில் உடைந்து
வேறு யாரோ ஒருவனின் குரலாக முடிந்தது.
கீலி வந்தாள். கையில் தாள் இல்லை.
மைக்கை அணைத்தாள்.
வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.
உதடு குவிந்தது, விரிந்தது, பல்லைத் தொட்டது.
ஒரு புருவம் ஏறியது.
அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார்.
நான் கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்தேன்.
யாரோ இருமினார்கள், உதவி செய்வது போல.
அப்போது மூன்றாம் வரிசையில்
பஸ் பணிமனை ரோவீனா வெடித்துச் சிரித்தாள்.
பிறந்ததிலிருந்து காது கேளாதவள்,
தம்பிக்குத் துணையாக வந்திருந்தாள்.
கொஞ்சம் கழித்து ‘ச்சு’ கொட்டினாள்.
அப்புறம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.
நாற்பது தலைகள் அவள் பக்கம் திரும்பி
கவிதையை அவள் முகத்தில் படிக்கப் பார்த்தன.
கடைசியில் கைதட்டியது அவள் ஒருத்திதான்,
மற்றவர்கள் அவளைப் பார்த்துத் தட்டினோம்.

தேநீர் மேசையில் நூலகர் அவளை மடக்கினார்:
என்ன சொன்னாள், என்ன சொன்னாள்?
ரோவீனா மூன்று விரலைக் காட்டி
உள்ளங்கையை நீட்டினாள்.
மூன்று பென்னி.
கீலி பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு
எதுவும் தெரியாதவள் போல நின்றாள்.

வாரக் கடைசியில் படிவம் நிரப்பினேன்.
வந்தவர்கள்: நாற்பத்தொன்று.
கவிதையைக் கேட்டவர்கள்:
ஜுனைத், நாற்பது. காஸ்பெர், நாற்பது.
கீலி, ஒன்று.

பணம் கொடுத்த அலுவலகத்திலிருந்து போன்.
கடைசி எண்ணில் பிழை இருக்கிறதா என்று கேட்டார்கள்.
இல்லை என்றேன்,
வாயை நன்றாகத் திறந்து, சத்தம் மட்டும் போடாமல்.
ஹலோ, என்றது போன்.
ஹலோ?