ஓடுபவர் நாற்பத்தொன்று

அழைப்புத் தாளில் என் பெயர் இல்லை.
ஓடுபவர் நாற்பத்தொன்று என்றிருந்தது.
நாளுக்கு நூற்றிருபது வெள்ளி,
ஒரு நாசி லெமாக் பொட்டலம்,
மழை பிடித்தால் பாதிச் சம்பளம்.

செந்தூலிலிருந்து ஒரே வேனில் பதினெட்டுப் பேர்.
லெட்சுமணன் அண்ணன் புதுச் சட்டையில் வந்திருந்தார்.
"இதைக் கிழிக்கணுமே" என்றாள் உடைக்காரப் பெண்.
அவரே கிழித்துக் கொடுத்தார்,
பிறகு தைக்கத் தோதாக, ஓரமாய்.

ஞாயிறு விடிகாலை. அம்பாங் சாலையை மறித்திருந்தார்கள்.
கோபுரம் இரண்டும் பாதி மேகத்துக்குள்.
எதைப் பார்த்து ஓடணும் என்று கேட்டேன்.
ஒரு பையன் நீளக் கம்பைத் தூக்கிக் காட்டினான்,
நுனியில் பச்சையாய் ஒரு டென்னிஸ் பந்து.
"இதுதான் அது.
ஆறு மாடி உயரம். வாயில் நெருப்பு.
அப்புறம் வரைஞ்சுக்குவாங்க."

பந்துக்குப் பயந்து ஓடினோம்,
பதினேழு முறை.
கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பிய சீனப் பெரியவர்
திட்டு வாங்கினார்.
"உலகம் அழியும்போது யாராவது செருப்புக்குத் திரும்புவாங்களா?"
என்றார் உதவி இயக்குநர் ஹஃபிஸ்.
திரும்புவார்கள். எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது முறை முடிந்ததும்
என் தோளைத் தட்டினார்:
"எல்லாரும் இவரைப் பாருங்க, பயம்னா இது.
எங்கே கத்துக்கிட்டீங்க, அண்ணே?"

இங்கேதான் என்று நான் சொல்லவில்லை.
இதே தெரு. அதுவும் ஒரு ஞாயிறு.
மறித்தவர்கள்தான் வேறு.
சட்டைப்பையில் மனுவின் நகல்,
நாக்கில் வைத்துக்கொள்ள யாரோ கொடுத்த உப்பு.
தண்ணீர் பீய்ச்சிய லாரியை
யாரும் வரைய வேண்டியிருக்கவில்லை.
புகை வந்தது. ஓடினோம்.
ஒரே டேக்.
நடுவில் ஒருமுறை செருப்புக்குத் திரும்பினேன்,
முழங்கை கிழிந்தது.
யாராவது பறந்து வருகிறார்களா என்று
அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.
குனிந்து ஓடினால்தான் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அடுத்த பள்ளி விடுமுறைக்குப் படம் வந்தது.
மகள் துர்காஷினிக்கு எட்டு வயது.
செத்தாப்பாக்கில் ஒரு மால், ஏழாம் எண் அரங்கு.
திரையின் அடியில் மலாய் வரி, அதன்கீழ் சீன வரி.
சிரிப்பு மூன்று தவணையாக வந்தது:
கேட்டவர்கள், படித்தவர்கள்,
பக்கத்தில் சிரித்ததால் சிரித்தவர்கள்.

கடைசிச் சண்டைக்குச் சற்று முன்
எங்கள் ஊர் வந்தது. விசில் பறந்தது.
கோபுரம் ஒன்று சரிந்தபோது கைதட்டினார்கள்,
நானும்தான்.
உலகத்தை அழிக்க வந்தவன்
நம்மையும் கணக்கில் சேர்த்துக்கொண்டானே என்று
ஒரு பூரிப்பு.

பதினொரு நொடி.
முன்னால் ஓடியவர்களுக்கு முகம் இருந்தது.
எங்களுக்குப் புகை.
ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும்,
தழும்போடு.
"அப்பா, உங்க கை!"
முன்வரிசைக்காரர் திரும்பி
என் கையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவன் மேலேயிருந்து இறங்கினான்.
நீல உடை, கண்ணை மறைத்த துணி.
யாரென்று தெரிந்தால் ஆபத்தாம்.
இந்த ஊரிலேயே பிறந்த லெட்சுமணன் அண்ணன்
சிவப்பு அட்டையோடு முப்பது வருஷமாய்
பதிவிலாகாவில் எண் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்,
யாரென்று தெரிவிக்க.
அவர் கேட்பதும் நீலம்தான்,
உள்ளங்கை அளவு.

வங்சா மாஜு நிலையத்தில்
ரயிலுக்கு இன்னும் ஆறு நிமிடம்.
பனிச்சட்டையின் கைகளைக் கழுத்தில் முடிந்துகொண்டு
துர்காஷினி சொன்னாள்:
"நீங்க ஓடுங்க, நான் காப்பாத்துறேன்."

விளையாட்டுக்குத்தான் ஓடினேன்.
இரண்டாவது தூணருகே காவலர் விசில் ஊதினார்.
கால் என்னைக் கேட்கவில்லை.
குனிந்த முதுகோடு
பின்னால் மூச்சிரைக்கும் குரலைக் கேட்டேன்:

"மெதுவா ஓடுங்கப்பா,
எட்டவே முடியல."