வெயில் வந்தால் பாருங்கள்

முதலில் சிறுத்தையின் வாலைப் பிடித்தேன்.
பத்து வருசத்து வெயிலும்
அதைவிடக் கூடுதலான மழையும் தின்று
நுனி தானாகவே சுருண்டு நின்றது,
இழுத்தால் வந்துவிடும்போல.
இழுத்தேன்.
நகக்கண் அளவு வந்தது.

பைபர் கிளாஸ் உடம்பு.
தகரமென்றால் கத்தி வைக்கலாம்,
இதில் வைத்தால் கீறல் என் பேரைச் சொல்லும்.
அதனால் காலாவதியான வங்கி அட்டை ஒன்று
(அந்தக் கணக்கில் இன்னும் நூற்றுப்பதினேழு ரூபாய் கிடக்கிறது),
சுகந்தி சலூனில் இரவல் வாங்கிய ஹேர் டிரையர்,
கூடவே சுகந்தியின் குரல்:
"நாளைக்கு விடிய பொண்ணு அலங்காரம் இருக்கு,
கருக்கிக் கொண்டாந்துறாதீங்க."

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜயந்தவின் கராஜில் நின்றது வண்டி.
வெள்ளைக்காரர்கள் உள்ளேயே சமைத்து
உள்ளேயே உறங்கி மலை பார்க்கவென்று
ஒரு கம்பனி ஓட்டியது.
டீசல் வரிசைக் காலத்தில் கம்பனி படுத்தது.
வண்டியும் படுத்தது.
மெத்தைக்கு அடியில் பூனை மூன்று ஈற்று போட்டது.

பசை மனம் மாறுகிற நேரம் ஒன்று உண்டு.
அதற்கு முந்தினால் ஸ்டிக்கர் உடையும்,
பிந்தினால் பாகாய் இழுபடும்.
விரலுக்குத்தான் தெரியும் அது, காதுக்கும் கொஞ்சம்:
சர்ரென்று மெதுவாக ஒரு சத்தம்,
ஈரத்துணி கிழிவதுபோல.
முன்னங்கால் முழுசாக வந்தது.
எங்கே போடுவதென்று தெரியாமல்
கையில் பிடித்தபடி நின்றேன்.
ஜயந்தவின் மகன் வாங்கிக்கொண்டு போய்
தன் சைக்கிளில் ஒட்டினான்.

கண்ணுக்கு வந்தபோது கரண்ட் போனது.

மிச்சப் பசைக்கு நானுஓயா ரோட்டில் வாங்கிய
யூக்கலிப்டஸ் தைலம்.
பஞ்சில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்க
கராஜே சளி பிடித்த வீடுபோல மணத்தது.
"யாருக்குக் காய்ச்சல்?" என்று எட்டிப் பார்த்தான்
லொத்தர் விற்கிறவன்.

பின்சக்கரத்துக்கு மேலே, சேறு மறைத்த மூலையில்
சுண்டுவிரல் நீளத்தில்
ஸ்டிக்கர் வேலை: ரெஜி – குணா.
கீழே கடை நம்பர்.
மறந்தே போயிருந்தேன்.
காற்றுக் குமிழி ஒன்று குணாவின் காலடியில்
அன்றைக்கு விட்டபடியே இருந்தது.
ஊசியால் குத்து என்றான் ரெஜி,
நாளைக்குக் குத்தலாம் என்றேன் நான்.
அவன் இப்போது ருமேனியாவில்
ஏதோ கட்டடத்துக்குக் கண்ணாடி பூட்டுகிறான்.
சும்மா அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன்.
சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில்
பாவனையில் இல்லை என்றார்கள்.
மூன்றையும் கேட்டுவிட்டே வைத்தேன்.

எல்லாம் எடுத்து முடித்துத் தள்ளி நின்றால்
எதுவும் போகவில்லை.
ஒட்டியிருந்த இடம் புதுசுபோல் வெள்ளை,
ஒட்டாத இடமெல்லாம் பழுப்பு.
படம் காத்து வைத்திருக்கிறது தன் வடிவத்தை.
தோலில்லாத சிறுத்தை பாய்கிறது.
மூடுபனி டூர்ஸ், எழுத்துக்கு எழுத்து.
காம்பவுண்ட் போட்டுத் தோள் கழலத் தேய்த்தேன்.
மங்கியது.
மங்கியது என்றுதான் சொல்ல முடியும்.

கண்ணாடிக் கடை பர்ஸானா வந்தபோது
மழை பிடித்துக்கொண்டது.
தோட்டம் தோட்டமாகப் போய்க் கண் பரிசோதிக்க
அவள்தான் வண்டியை வாங்கியிருந்தாள்.
நனைந்த பைபரில் பழுப்பும் வெள்ளையும் ஒன்றாகி
சிறுத்தை இல்லை, எழுத்து இல்லை,
பளபளவென்று ஒரே நிறம்.
"நல்லா போயிட்டுதே" என்று காசை எண்ணினாள்.

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.
"காய்ஞ்சா தெரியும்" என்றேன்.
"வெயில் வந்தா ஒருக்கா பாருங்க."

குடையைச் சாய்த்து
மலை இருக்கவேண்டிய பக்கம் பார்த்தாள்.
"வெயிலா? தலவாக்கலயிலயா?"

எண்ணிய காசில் குறைக்கவில்லை.
வண்டியைச் சுற்றி இன்னொரு முறை நடந்தாள்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
வெறும் பக்கத்தில் எதையோ
வாய்க்குள் வாசிப்பதுபோல.