மைனஸ் பதினெட்டு

உம் அல் குவைனில்
மீன் குளிர்கிடங்குச் சாவி என் இடுப்பில் தொங்கிய காலம்.
ஜூலை. மதியம் இரண்டு.
கதவைத் தட்டிய ரஷ்யர் மீன் கேட்கவில்லை,
உள்ளே உட்கார இடம் கேட்டார்.

கையில் மடக்கு நாற்காலி, அட்டை, பென்சில்.
நாற்பத்தாறு டிகிரி வெயிலில் தோளில் கம்பளிக் கோட்டு.
"கோட்டோடு வந்திருக்கிற பைத்தியம்
விவரமான பைத்தியம், விடு" என்றார்
கணக்கர் செய்யது மீரான்.

எங்களுக்கிடையே நாற்பது சொல் ஆங்கிலம்,
பத்துச் சொல் அரபி.
மீதிக்கு அவர் வரைந்தார்.
பெயர் லவ்ரேந்தி. வயது அறுபத்தொன்று.
காமா ஆற்றங்கரைக் காட்டுக் காவலரின் மகன்.
ஒரு மிருகம் போட்டுக் காட்டினார்: நம் எருமைதான்,
கொம்புக்குப் பதில் இரண்டு உள்ளங்கை,
விரல் விரித்து, வானத்திடம் பாக்கி கேட்பது போல.
அந்த மான்களைத்தான் முப்பது வருடம் வரைந்தாராம்,
பனியில், விடியலில், முதுகு காட்டிப் போகிறவற்றை.
முகம் காட்டுகிற மிருகம்
உன்னைப் பார்த்துவிட்ட மிருகம், என்றார்,
அதற்கப்புறம் அது நடிக்கும்.

பிறகு தேசம் கலைந்தது. ஓவியர் சங்கம் கலைந்தது.
தீப்பெட்டிக்கு அணில் வரைந்தார்,
ஓர் அணிலுக்கு ஒரு ரொட்டி.
மனைவி இறந்த குளிர்காலத்தில் அணிலும் நின்றது.
யாரோ சொல்லி, யாரோ விசா எடுத்து,
லப்ஸா பந்தயத் திடலருகே
அபூ ஹுமைதின் ஒட்டகங்களை வரைய வந்து சேர்ந்தார்.

முதல் மாதம் மணலுக்குப் பழுப்பு பூசினார்.
படம் பொய் சொன்னது.
விடிகாலை ஐந்தரைக்குப் போய் நின்று பார்த்தால்
ஒட்டகத்தின் நிழல் நீலம்.
இந்த நீலத்தை எனக்குத் தெரியும், என்றார்.
தெரிந்தால் போதாது, சரிபார்க்க வேண்டும்.

அதற்குத்தான் நான்.
நெய்மீன் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி.
சுவரில் விரல் கனத்துக்கு உறைபனி.
கதவை ஒரு சாண் திறக்கச் சொன்னார்.
வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து படுத்தது.
நான்கு நிமிடத்தில் அலாரம் கத்தும்.
சாயம் உறைந்துவிடும் என்று
நிறங்களை எழுத்தில் குறித்துக்கொண்டார்,
புருவத்தில் வெள்ளை படியப் படிய.
மூன்றாம் நிமிடம் சிரித்தார்.
"ஒன்றேதான்."

அந்த வாரம் முழுக்க வந்தார்.
இரண்டு பெட்டி மத்தி கெட்டது,
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஷக்ரா என்ற ஒட்டகத்தை அந்த நீலத்தின் மேல் நிறுத்தினார்.
டிசம்பர் பந்தயத்தில், மூன்றாவது கிலோமீட்டரில்,
ஷக்ரா முன்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.
படத்திலிருந்தும் எடு, என்றார் முதலாளி,
அதே இடத்தில் மியாஸாவை வை.
வைத்தார்.

இதைப் பற்றி லவ்ரேந்தி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
டர்பன்டைன் வாசனையோடு வந்து
என் டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போனார்.
பிப்ரவரியில் விசா முடிந்தது.
கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்,
கிடங்கின் வெளிப்பக்கம்.
கை எனக்கு நீளம். இருந்தாலும் போடுகிறேன்.

போன வாரம் விருந்துக்கு ஹமூர் இறக்கப் போனேன்.
வரவேற்பறைச் சுவரில் மியாஸா,
கழுத்தை நிமிர்த்தி, ஜெயித்த திமிரோடு.
கீழே மணலில் நிழல் இரண்டு.
ஒன்று அவளுடையது.
மற்றது ஒரு முழம் பின்தங்கி
நொண்டுகிறது.

விருந்தாளி ஒருவர் கவனித்துக் கேட்டார்.
"அவன் ஊரில் சூரியன் இரண்டு போல"
என்றார் அபூ ஹுமைத். எல்லோரும் சிரித்தார்கள்.

ரசீதை நீட்டினேன். கையெழுத்துப் போட நேரமாயிற்று.
பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர்
கம்பளத்தின் சிவப்பில் இறங்கிக்கொண்டிருந்ததை
நான் சொல்லவில்லை.