முழங்கைக் குழாய்

எங்கள் தண்ணீர் கல்லைக் கரைத்து வருகிற தண்ணீர்.
கேத்திலின் அடியில் வெள்ளைப் படை,
குழாயின் வாயில் வெள்ளைப் பல்.
ஆறாம் விடுதியின் முழங்கைக் குழாய்
மாதத்துக்கு ஒருமுறை இறுகிப்போகும்.
பாதித் தேசிக்காயோடு போவேன் தேய்க்க.
குழாய் திருத்தும் சிவபாதம் சிரிப்பார்:
"மிஸ், குழாயை ஊறுகாய் போடப் போறியளோ?"

கதவோரம் நிற்பேன், கையில் அட்டை, பென்சில்.
நோயாளியைத் தொடுமுன் கழுவினால் சரி.
தொட்டபின் கழுவினால் இன்னொரு சரி.
மற்றதெல்லாம் பிழை.
பெயர் எழுதுவதில்லை, தொழில் மட்டும்:
வைத்தியர், தாதி, சிற்றூழியர், மாணவர்.
அது நான் வைத்த விதி. பயந்தவர்கள் கழுவமாட்டார்கள், ஒளிப்பார்கள்.
என் செருப்புச் சத்தம் கேட்டால்
விடுதி முழுக்கக் கைகளுக்குப் பக்தி வரும்.
அதையும் ஓரத்தில் குறிப்பேன்: கண்டுவிட்டார்கள்.

சவர்க்காரம் வராத ஆண்டில் பயிற்சிக்கு வந்தவள் நான்.
பனங்காய்ப் பிழிவில் தோய்த்த சீருடை
ஒருநாளும் முழு வெள்ளையாகவில்லை.
போட்ட கையுறையை அவித்து, பவுடர் தடவி,
கொடியில் தூக்குவோம்.
காற்றடித்தால் பத்துப் பதினைந்து கை
யாரையோ வரச் சொல்லும்,
போகச் சொன்னதாகவும் இருக்கலாம்.
தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்ப்பேன், எந்த விரல் அழுகிறதென்று.
அதுதான் என் முதல் ஆய்வு.

காகிதத்தோடு ஆய்வு வந்தது நாற்பத்தேழு வயதில்.
வெட்டுமுன் தோலைத் துடைக்க இரண்டு மருந்து,
மூடிய உறை, உறையின்மேல் இலக்கம்.
எவருக்கு எதுவென்று எனக்கும் தெரியாது.
சம்மதப் படிவத்தை வாசித்து முடித்தேன்.
குருநகர் எமிலியான் கேட்டார்:
"எனக்கு நல்லது கிடைக்குமோ, மற்றதோ?"
"எது நல்லதெண்டு தெரிஞ்சா ஏனண்ணை கேக்கிறம்?"
"ஒப்பம் வைக்காட்டி வெட்ட மாட்டியளோ?"
"வெட்டுவம். ஒண்டும் மாறாது."
"அப்ப வைக்கிறன்."

ஐம்பத்திரண்டாம் இலக்கமானார்.
ஒன்பதாம் நாள் காயம் சீழ் வைத்தது.
முப்பத்துமூன்று நாள் கிடந்து
அட்டைப் பருவம் முடிந்துதான் வீடு போனார்.

இரண்டு ஆண்டு கழித்து உறைகளைப் பிரித்தோம்.
புதிய மருந்தே நல்லதென்றது கணக்கு.
கைதட்டினார்கள். தேநீரும் வடையும் வந்தன.
ஐம்பத்திரண்டு: புதியது.

வடையை வைத்துவிட்டுப் பழைய அட்டைகளைத் தேடினேன்.
அவருடைய நாலாம் நாள்,
நான் எண்ணவில்லை, ஒரு மாணவி எண்ணியிருக்கிறாள்,
உருண்டையான, கவனமான எழுத்து.
கட்டு மாற்றல். தாதி.
தொட்டபின்: சரி.
தொடுமுன்: பிழை.

அன்று ஆள் குறைவு. கடமைப் பட்டியலில் மூன்று தாதிகள்,
உதவிக்கு இறங்கிய நான் நாலாவது.
கையுறை போட்டது நினைவிருக்கிறது.
அதற்கு முந்திய அரை நிமிடம் இல்லை.
மாணவி இப்போது ரொறன்ரோவில்.
கேட்கலாம். என்ன கேட்பது?
பெயர் எழுதாதே என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

கட்டுரையில் ஐம்பத்திரண்டு
ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளி.

சிவபாதத்திடம் மட்டும் கேட்டேன்:
அந்தக் கிழமை ஆறாம் விடுதிக் குழாய்
இறுகிக் கிடந்ததோ?

"எந்த வருசம், மிஸ்?" என்றார்.