ஐந்நூற்றுப் பன்னிரண்டு

ஈசூன், பதினோராம் மாடி.
சமையலறைச் சன்னலுக்கு வெளியே
ஆறு மூங்கில் கழிகள்.
நடுக்கழியின் நுனியில்
இரண்டு துணிக்கவ்விகள் கடித்துப் பிடித்திருக்க
ஒரு மார்ஜரின் டப்பா.
உள்ளே மூன்று பென்சில் பேட்டரி, ஒரு சில்லு, ஒரு ஊதல்.
மூடிமேல் செம்புக் கோடு ஓடும் அட்டை.
முதல் துளி விழுந்தால் கத்த வேண்டும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

ஐந்து வாரம் ஒழுங்காகக் கத்தியது.
கீழ்வீட்டு ரொஹானா அந்தச் சத்தத்துக்கே
தன் கழிகளையும் உள்ளிழுக்கப் பழகிவிட்டார்.
நான் வானத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

ஆறாம் வாரம், செவ்வாய், பிற்பகல் மூன்றரை.
மழை தன் சத்தத்தோடுதான் வந்தது.
டப்பா வாய் திறக்கவில்லை.
மதியழகனின் சீருடை நான்கு,
ரொஹானாவின் பெருநாள் திரைச்சீலை இரண்டு,
எல்லாம் தொப்பலாக.

மழை இல்லையென்றால் பேசாதே என்று எழுதியவள் நான்.
உயிர் இல்லையென்றாலும்
அது பேசாதுதானே.

அன்றிரவே உட்கார்ந்தேன்.
பத்தாயிரம் ஓம் மின்தடை இரண்டு,
சிம் லிம் டவரில் பத்துக் காசு வீதம் வாங்கியவை.
பேட்டரியைச் சரிபாதியாகப் பகுத்து
சில்லின் காலொன்றில் கொடுத்துக் கேட்டேன்:
எவ்வளவு மிச்சம்?
ஐந்நூற்றுப் பன்னிரண்டு, என்றது திரை.

செத்துப்போன பழைய மூன்றையும் புதிதோடு மாற்றி மாற்றிப் போட்டேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கிச் சேர்த்தேன்.
கடிகாரம் பன்னிரண்டே முக்காலில் நின்றது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

பேட்டரியை அளக்கும் படியே
பேட்டரியால் ஆனது.
அரிசி குறையக் குறையப் படியும் சுருங்கினால்
அளந்தவருக்கு
என்றைக்கும் அரைப்படி.

துவாஸிலிருந்து இரவுப்பணி முடிந்து வந்தான்.
காலணியைக் கழற்றினான்.
சாப்பிட்டாயா? ம்.
வேலை எப்படி? ஓகேலா.
மூன்று வருடமாக அதே எண்.

சில்லின் தரவேட்டை ரயிலில் படித்தேன்.
நூற்றுக்கணக்கான பக்கம், எறும்பெழுத்து.
பீஷானில் இறங்க மறந்து
நொவீனா போய்த் திரும்பினேன்.
கண்டுபிடித்துவிட்டேன்:
சில்லுக்குள்ளேயே ஒரு மூலையில்
ஒன்று புள்ளி ஒன்று வோல்ட்.
பேட்டரி எவ்வளவு தேய்ந்தாலும்
தான் அசையாமல் இருக்கிற ஒரு துளி.

சரி, தலைகீழாகக் கேட்கலாம்.
அந்த அசையாததை
இந்தச் சுருங்கும் படியால் அளப்போம்.
படி சுருங்கச் சுருங்க எண் ஏறுமே!
இருநூற்றைம்பது. இருநூற்றெழுபது. முந்நூறு.
மின்தடை இரண்டையும் வெட்டி எறிந்தேன்.
கேள்வி கேட்பதற்கென்றே
இரவும் பகலும் குடித்துக்கொண்டிருந்தவை அவை.

இன்னொன்றும் மிச்சமிருந்தது.
சும்மா இருக்கும் பேட்டரி தெம்பாகத்தான் பேசுகிறது.
ஊதலை ஊதச் சொன்ன மறுகணம்
முந்நூற்றுப் பத்து
முந்நூற்று எழுபதுக்குத் தாவுகிறது.
ஆகவே மாற்றி எழுதினேன்:
தினம் ஒருமுறை, அரை நொடி கத்தவை.
கத்தும்போதே கேள்.
முந்நூற்று நாற்பத்தொன்றைத் தாண்டினால்
பத்து நிமிடத்துக்கு ஒரு கீச்.

ஞாயிறு விடிகாலை மூன்று பத்து.
கீச்.
கீழே ரொஹானாவின் கழிகள் தடதடவென்று உள்ளே போயின.
நான் ஓடிவருவதற்குள்
மதியழகன் சன்னலில் நின்றிருந்தான்,
நீளக் கழியின் பாதி உள்ளே, பாதி வெளியே,
காய்ந்த சீருடைகளோடு அதைத் தோளில் தாங்கியபடி.
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மழை இல்லை, பேட்டரி, என்றேன்.
கழியை இறக்கப் போனான்.
வேலை எப்படி, என்றேன், அப்போதே.
இந்த நேரத்திலா என்பதுபோல் பார்த்தான்.
கழி கொஞ்சம் ஆடியது.

‘முதுகு,’ என்றான்.
அப்புறம், ‘அந்தப் புது மேற்பார்வையாளன்…’

ஒருபக்கக் கழியை வாங்கிக்கொண்டேன்.
அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.
டப்பா இன்னும் இரண்டு முறை கீச்சிட்டது.
நாளை ரொஹானாவிடம் விளக்கிக்கொள்ளலாம்.