பெயர்ப் பொருத்தம்

ஊசிக்கு முன்னால் கேள்வி, அதுதான் விதி.
பெயர், பிறந்த தேதி.
அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும்,
குழாயில் ஒட்டிய சீட்டோடு
ஒத்துப்போக வேண்டும்.

சயான் கோலிவாடா. நான்காம் மாடி. லிஃப்ட் ஓடாது.
ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி ஏறுகிறேன்.
ஆறு மாதத்துக்கு ஒரு தடவை;
இது ஐந்தாவது.

எஸ்தர் குணசீலி, எழுபத்தாறு.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம்.
முதல் தடவை கேட்டபோது சிரித்தார்:
"இந்த பம்பாய்ல பாதிப் பேருக்கு
என் குரல் தெரியும், பேர் தெரியாது. எழுதிக்கோ."
கேட்காமலே ஆறு இலக்க எண்கள் வேறு:
மூடிப்போன ஒரு மில்,
மஸ்கான் பக்கம் ஓர் ஐஸ் ஃபாக்டரி,
ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கிற ஒரு டாக்டர் வீடு.

மூன்றாம் தடவை
மாதத்தைச் சொல்லிவிட்டுத் தேதியைத் தேடினார்,
கைப்பைக்குள் சாவி துழாவுவதுபோல,
நான் பார்க்காதபடி
பேசிக்கொண்டே.

இன்று
பெயர் கேட்டேன்.
தேவநேசன் ஐயா வாயெடுத்தார்.
கை காட்டி நிறுத்தினேன்.
கீழே மீன்காரியின் கூவல்
முடிந்து, மறுபடி தொடங்கியது.
அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து
தெளிவாகச் சொன்னார்:
"லைன்லயே இருங்க."

இருந்தோம்.

பிறகு, நான் சொல்லாமலே
இடது கையை நீட்டினார், விரல்களை மடக்கினார்.
"அந்தக் கை வேண்டாம். நரம்பு ஓடிடும்."
ஆமாம், ஓடிவிடும்.
போன வருஷம் இரண்டு குத்து.

ஊதா மூடிக் குழாய்.
எட்டு முறை மெல்லக் கவிழ்க்க வேண்டும்,
குலுக்கினால் கெட்டுப்போகும்.
பரேலில் இதைச் சுழற்றுவார்கள்.
சிவப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சள் நிற்கும்,
அதில் ஒரு புரதத்தை
தூசியிலும் தூசியாக எண்ணுவார்கள்.

"ரிப்போர்ட் எப்பம்மா வரும்?"
"ஆராய்ச்சி ரத்தம் ஐயா. நமக்கு ரிப்போர்ட் கிடையாது."
தலையசைத்தார்.
ஐந்தாவது தடவையாகக் கேட்கிறார்.
அவருக்கு மறதி ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
படிவத்தை முழங்காலில் வைத்தேன்.
ஒரே ஒரு கட்டம் பாக்கி:
பெயரைத் தாமாகச் சொன்னாரா?
பெட்டிக்குள் ஐஸ் கலகலத்தது.
'இல்லை'யில் கோடு போட்டேன்.
பேனா எழுதவில்லை.

மறுபடியும், அழுத்தி.