படக்குறிப்பு

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டம்.
நாற்காலி எண்ணூறு.
நான் எண்ணவில்லை. வாடகைக்குப் போட்ட கிறிசோஸ்தம்
பில்புத்தகத்தைப் புரட்டிச் சொன்னது:
எண்ணூறு. அதில் கால் ஒடிந்து திரும்பியது ஏழு.

இரண்டு பத்திரிகைக்கும் நான்தான் படம்.
மேடைக்குக் கீழே குந்தியிருந்து எடுத்தால்
தலைகள் அலையலையாய் வரும்.
வாட்டர் டேங்க் ஏணியில் ஏறி எடுத்தால்
நடுவில் தரை தெரியும்.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டையும் அனுப்பினேன்.
எதை யார் எடுப்பார்கள் என்று
எனக்குத் தெரியாது என்றால் அதுதான் பொய்.

விடிந்ததும்
ஒன்றில் 'கடலெனத் திரண்ட கூட்டம்'.
மற்றதில் 'காற்று வாங்கிய நாற்காலிகள்'.
'சுமார்' என்ற சொல் இரண்டிலும் இருந்தது.
அந்தச் சொல்லுக்குள்
ஒரு லாரி ஆட்களை ஏற்றலாம், இறக்கலாம்.

ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கும்போது
மஞ்சள் பையோடு ஒரு அம்மை நின்றாள்.
பையிலிருந்து இரண்டு பத்திரிகையும் எடுத்தாள்.
இரண்டிலும் அவள். அதே சேலை, அதே பை.
ஒன்றின் கீழே:
தலைவர் பேச்சை எழுந்து நின்று கேட்ட தாய்க்குலம்.
இன்னொன்றின் கீழே:
பாதியிலேயே எழுந்து வெளியேறிய பெண்கள்.

"நான் நின்னேனா, போனேனா,
நீயே சொல்லு மக்களே."

அவள் வந்தது மனு கொடுக்க.
தூண்டில் வளைவு இல்லாத கரையில்
கடல் ஏறிவந்து அடுக்களைச் சுவரைக்
கொண்டுபோன மனு.
கட்சிக்காரர்கள் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.
பஸ் ஏறிப் போனாள்.

அதையும் அனுப்பியிருந்தேன், நான்கு வரி.
நாகர்கோவிலில் ஒரு டெஸ்க்,
'நம்ம ஆளுங்க கூட்டத்துல இது எதுக்கு?'
மற்ற டெஸ்க்,
'அடிச்சாங்கன்னு போட்டுக்கலாமா?'
அடிக்கவில்லை என்றேன்.
அப்போ இடமில்லை என்றார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்
கையைக் கழுவியிருப்பேன்.
அதற்குள் கேட்டாள்:
"எனக்க பேரு எதிலயும் இல்லியே, ஏன்?"

நான் அனுப்பிய நான்கு வரியிலும்
அவள் 'மீனவப் பெண் ஒருவர்'.
நான் கேட்கவேயில்லை.
ஃபிளாஷ் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனா எழுதவில்லை.
பாஸ்போர்ட் படக் கவரின் பின்பக்கம்
பென்சிலால்:
பெயர்?
தனிஸ்லாள்.
லாளா, லாசாளா?
ஆதார் அட்டையை நீட்டினாள்.
அதில் வேறு மாதிரி இருந்தது.

"அது அவிய போட்டது" என்றாள்.
"நான் சொல்லுதத எழுது."